நகையை அடகு வைக்கும் முன் விசாவைப் படியுங்கள்

“அக்கா, விசா வந்துடுச்சி!” என்று யாராவது வாசலில் வந்து நின்றால், முன்பெல்லாம் நான் உள்ளே ஓடிப்போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வருவேன். இப்போது, “உட்காரும்மா, முதல்ல தாளைக் காட்டு” என்கிறேன். சந்தோஷமாக வந்தவளுக்கு முகம் சப்பென்று ஆகிவிடுகிறது. என்ன செய்ய? எங்கள் குடும்பம் ஒரு தடவை சர்க்கரை கொடுத்துவிட்டு, பிறகு ஒன்றரை வருஷம் கண்ணீர் விட்ட குடும்பம்.

நான் வக்கீல் அல்ல, ஏஜெண்டும் அல்ல. பிறந்தது விழுப்புரம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். பிளஸ் டூவோடு படிப்பு முடிந்தது. ஆனால் இன்றைக்கு எங்கள் தெருவில் வெளிநாட்டுக்குப் பிள்ளையையோ புருஷனையோ அனுப்புகிறவர்கள், பணம் கட்டுமுன் அந்தத் தாளை ஒரு தடவை என்னிடம் காட்டிவிட்டுப் போகிறார்கள். ‘விசா அக்கா’ என்று பட்டப்பெயர்கூட வைத்துவிட்டார்கள்! அந்தப் பெயர் வந்த கதையையும், அதில் நான் கற்றுக்கொண்டதையும் சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் இருக்கும் என் அக்காவின் மகன் பத்தாவது தேறவில்லை. ஓட்டலில் பரோட்டா மாஸ்டருக்குக் கையாளாக நின்று, தொழில் நன்றாகப் பழகிக்கொண்டான். 2022-ல் தெரிந்தவர் மூலமாக ஒருவர் வீடு தேடி வந்தார். “மலேசியாவுல நம்ம ஆளுங்க ஓட்டல். மாசம் நாப்பதாயிரம். சாப்பாடு, ரூம் எல்லாம் அவங்களே” என்றார். ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்டார். அக்கா தன் நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்தாள். குறைந்ததற்கு மகளிர் குழுவில் கடன். ரசீது கேட்டதற்கு, “குடும்பம் மாதிரி பழகிட்டு எதுக்கும்மா ரசீது?” என்று சிரித்தாராம்.

விசா என்று அவர் கொடுத்த தாளை நானும் கையில் வாங்கிப் பார்த்தேன். பையனின் போட்டோ இருந்தது. முத்திரை இருந்தது. எங்களுக்கு அது போதும் போல இருந்தது. அதே தாளில் ‘சுற்றுலா’ என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை இருந்தது, முப்பது நாள் என்றும் இருந்தது. நான் எழுத்துக் கூட்டத் தெரியாதவள் அல்ல. ஆனாலும் படிக்கவில்லை. அதுதான் இன்றுவரைக்கும் என்னை உறுத்துகிறது.

போய்ச் சேர்ந்ததும் வேலை பர்மிட்டாக மாற்றித் தருகிறோம் என்று சொன்னது நடக்கவில்லை. பாஸ்போர்ட்டை ஓட்டல்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். முப்பத்தோராவது நாளிலிருந்து பையன் அந்த நாட்டுச் சட்டப்படி குற்றவாளி. அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் பத்தாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று மலேசியக் குடிநுழைவுச் சட்டம் சொல்கிறது. சம்பளம் பாதி வந்தது, பாதி வரவில்லை. சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்று தெரிந்தால் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வானாம். இதைப் போனில் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அக்கா போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

2024 மார்ச் 1-ந் தேதி முதல் அந்த வருஷ முடிவு வரை, இப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் தாமாக வந்து அபராதம் கட்டிவிட்டு ஊர் திரும்பலாம் என்று மலேசிய அரசு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. ஐந்நூறு ரிங்கிட் அபராதம். பாஸ்போர்ட் கையில் இல்லாததால் கோலாலம்பூரில் உள்ள நம் தூதரகத்தில் ‘எமர்ஜென்ஸி சர்ட்டிபிகேட்’ வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். அதற்குள் கடையில் சங்கிலி ஏலம் போயிருந்தது.

அவன் வந்த அன்றிரவு என் மகனின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தேன். பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

படித்தது எப்படி?

நம் நாட்டிலிருந்து வேலைக்கு வெளிநாடு போகிறவர்களுக்கென்றே 1983-ல் ஒரு குடியேற்றச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன் இருந்தது 1922-ம் வருஷத்துச் சட்டம். நம் பக்கத்து ஜனங்களைக் கங்காணிகள் கப்பலேற்றி இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்ட வேலைக்குக் கொண்டுபோன காலத்தில் போட்டது. 1983-ம் வருஷத்துச் சட்டத்தை மகனின் செல்போனில் இறக்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தினம் மத்தியானம் பாத்திரம் கழுவிய பிறகு ஒரு பக்கம் என்று படித்தேன். விழுப்புரம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த என் சித்தப்பா ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். “பெரிய வார்த்தையைப் பார்த்துப் பயப்படாதே. ‘அல்லது’ எங்கே இருக்கு, ‘மற்றும்’ எங்கே இருக்குன்னு மட்டும் பாரு. சட்டமே அதிலதான் நிக்குது” என்றார். வெண்டைக்காய் நறுக்கும்போதுகூட அந்த ‘அல்லது’வும் ‘மற்றும்’மும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்!

அப்படிப் படித்ததில் முதலில் புரிந்தது: வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் மத்திய அரசிடம் பதிவு செய்து லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஆள் எடுப்பது குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். (இரண்டாயிரம்! 1983-ல் அது பணம்தான். இன்றைக்கு அது ஒரு மாச மளிகைக்குக்கூடக் காணாது.) லைசென்ஸ் உள்ளவருக்குச் ‘சப் ஏஜெண்ட்’ என்று ஊருக்கு ஊர் ஆள் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறவர் பெரும்பாலும் அந்தச் சப் ஏஜெண்ட்தான். ஏஜெண்ட் வாங்கக்கூடிய கூலிக்கும் வரம்பு உண்டு. முப்பதாயிரம் ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி. வரியும், அதற்கு ரசீதும் தர வேண்டும். எங்களிடம் வாங்கியது எவ்வளவு என்று மேலே எழுதியிருக்கிறேன்.

லைசென்ஸ் உண்மையா என்று பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ‘இ-மைகிரேட்’ என்று வெளியுறவுத் துறையின் இணையதளம் இருக்கிறது. அதில் ஏஜெண்டின் பெயரைத் தட்டினால், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, ரத்தா என்று வந்துவிடும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிஷ வேலை.

அடுத்தது இந்த இ.சி.ஆர். சமாசாரம். இ.சி.ஆர். என்றால் எங்கள் பக்கத்தில் மரக்காணம் வழியாகப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலைதான். “பாஸ்போர்ட்ல இ.சி.ஆர். இருக்குதாமே, எந்த ஊரு வழியா போவணும்?” என்று ஒரு பாட்டி என்னிடம் நிஜமாகவே கேட்டார்! இது அந்த ரோடு இல்லை. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக அப்படி அச்சடித்திருப்பார்கள். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடியேற்றப் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. இப்போது எல்லாம் இணையம் வழியாகவே நடக்கிறது. முதலாளி யார், சம்பளம் என்ன, ஒப்பந்தம் என்ன என்று பார்த்த பிறகுதான் அனுமதி. கூடவே ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’ என்ற இன்ஷூரன்ஸும் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ, நிரந்தர ஊனம் ஆனாலோ பத்து லட்சம்.

இது இடைஞ்சல் என்று நினைக்கிறவர்கள் நிறைய. “அதெல்லாம் லேட் ஆவும்மா, டூரிஸ்ட்ல அனுப்பிடறேன்” என்பார் ஏஜெண்ட். சுற்றுலா போகிறவனுக்கு இந்த அனுமதி தேவையில்லை அல்லவா? அந்த ஓட்டை வழியாகத்தான் என் அக்கா மகன் போனான். ஒப்பந்தம் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, அவன் வேலைக்குப் போயிருக்கிறான் என்பதற்கு அரசாங்கத்திடம் ஒரு வரிகூட இல்லை. மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நம் நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசாவே வேண்டாம் என்று ஆன பிறகு, அந்த ஓட்டை இன்னும் அகலமாகிவிட்டது. விசா வேண்டாம் என்றால் சுற்றிப் பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். தோசை சுட அல்ல.

தாளில் மூன்றைத் தேடுங்கள்

எந்த நாட்டு விசாவாக இருந்தாலும் நான் முதலில் தேடுவது மூன்று: எதற்காக, யாரிடம், எத்தனை நாள். இந்த மூன்றும் ஏஜெண்ட் வாயால் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும் பணத்தைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

செஞ்சி ரோட்டில் இருக்கும் ஒரு பெண், கணவனுக்கு வந்த குவைத் விசாவைக் கொண்டுவந்தாள். அவர் லாரி டிரைவர். “கம்பெனி டிரைவர் வேலைக்கா” என்றாள். தாளில் வகை 20 என்று இருந்தது. குவைத்தில் 18 என்றால் தனியார் கம்பெனி வேலை. அங்கே போய் வந்தவர்கள் ‘ஷூன் விசா’ என்பார்கள். 20 என்றால் வீட்டு வேலை, ‘காதிம் விசா’. வீட்டு டிரைவரும் அதில்தான் வருவார். 20-ல் போனவர் அந்த வீட்டுக்காரரிடம் மட்டுமே வேலை செய்யலாம். வெளியே கம்பெனியில் வண்டி ஓட்டினால் பிடிபட வேண்டியதுதான். 20-லிருந்து 18-க்கு மாறுவது சுலபம் இல்லை. 2024-ல் ஜூலை 14 முதல் செப்டம்பர் 12 வரை அந்த நாட்டு அரசு ஒரு தடவை கதவைத் திறந்து மூடியது.

அந்தப் பெண்ணிடம் போகாதே என்று நான் சொல்லவில்லை. 20 என்றால் என்ன என்று சொன்னேன். வீட்டு வேலைக்காரர்களுக்கென்று குவைத்தில் 2015-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. வாரம் ஒரு நாள் ஓய்வு, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் வேலை கூடாது, வருஷத்துக்கு முப்பது நாள் சம்பளத்தோடு லீவு என்று அதில் இருப்பதையும் எழுதிக் கொடுத்தேன். கணவனும் மனைவியும் இரண்டு நாள் பேசினார்கள். வீட்டு வேலை என்று தெரிந்தே, சம்பளத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். இப்போது பணம் ஒழுங்காக வருகிறது. நான் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுவதும் தப்புதான் போலிருக்கிறது.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை எனக்குக் கொஞ்சம் நிம்மதி. போகுமுன் ‘ஐ.பி.ஏ.’ என்று அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் ஒப்புதல் கடிதம் வரும். தொழிலாளிக்குத் தெரிந்த மொழியிலும் அதைக் கொடுக்க வேண்டும். அதாவது நமக்குத் தமிழில். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த ஊர் ஏஜென்சி வாங்கக்கூடிய கூலி, வேலை வருஷம் ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம். அதிகபட்சம் இரண்டு மாதம். ‘லெவி’ என்று முதலாளி அரசுக்குக் கட்டும் வரியைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. இந்தக் கடிதத்தை வீட்டுக்காரி படித்து, ஒரு நகல் எடுத்து பீரோவில் வைக்க வேண்டும். புருஷனுடைய பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ், முதலாளியின் முகவரி, ஏஜெண்டின் லைசென்ஸ் நம்பர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். “அவர்கிட்ட இருக்கு” என்கிற பதிலைப் போல எனக்குக் கோபம் வருவது வேறில்லை. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், அலைகிறவள் நீதானேம்மா?

விசா விஷயம் எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பாண்டிச்சேரி. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்படி வைத்துக்கொண்டவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இன்றைக்கும் எங்கள் ஊர்களில் பெண் தேடுகிறார்கள். ‘சொல்தா’ வீட்டுச் சம்பந்தம் என்றால் ஒரு மவுசு! பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடிமகன் என்றால், கல்யாணத்துக்கு முன்பே துணைத் தூதரகத்தில் அவர் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பின் அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் மனைவிக்கு விசா. தாலி கட்டியதும் ப்ளேன் ஏறலாம் என்று எண்ணிப் பாத்திரம் பண்டமெல்லாம் கட்டி வைத்து, மாதக்கணக்கில் பிறந்த வீட்டிலேயே காத்திருந்த பெண்களை எனக்குத் தெரியும்.

சட்டத்தைப் படித்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்காரவும் முடியாது, மாறிக்கொண்டே இருக்கும். மயிலத்துப் பக்கம் ஒரு பெண், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இங்கிலாந்து போகிறேன் என்று வந்தாள். பன்னிரண்டு லட்சம் கேட்கிறார்களாம். அப்பா நிலத்தை விற்கத் தயார். 2024 மார்ச்சிலேயே அந்த விசாவில் போகிறவர்கள் பிள்ளை குட்டிகளை அழைத்துப் போக முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அவள் என்னிடம் வந்தது அதற்கும் அடுத்த மாதம்! அந்த நாட்டு அரசின் அறிவிப்பை அவள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். நிலம் இருக்கிறது.

படிப்புக்கும் நிரந்தரக் குடியிருப்புக்கும் ‘கன்சல்டன்ட்’ என்று போர்டு மாட்டியவர்களுக்கு நம் 1983-ம் வருஷத்துச் சட்டத்தின் லைசென்ஸ் கிடையாது; அது வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்குத்தான். ஆனால் போகிற நாடு கேட்கும். கனடாவுக்குக் கூலி வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல, அந்த நாட்டில் பதிவு பெற்ற ஆலோசகராகவோ வக்கீலாகவோ இருக்க வேண்டும். நியூசிலாந்திலும் 2007 முதல் அப்படி ஒரு சட்டம். பதிவு பெற்றவர்களின் பட்டியல் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. அதனால்தான் நான் யாரிடமும் ஒரு காசு வாங்குவதில்லை. யாருக்கும் வேலை வாங்கித் தருவதும் இல்லை. தாளில் இருப்பதைப் படித்துச் சொல்வதோடு சரி. ஒரு முழம் பூ கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்!

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். என் அக்கா அந்தத் தப்பைச் செய்தாள். அயலகத் தமிழர்களுக்கென்று தமிழக அரசு ஒரு துறையும், இந்தியாவிலிருந்து பேச 1800 309 3793 என்ற கட்டணமில்லாத எண்ணும் வைத்திருக்கிறது. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய் மியான்மரில் அடைத்து வைக்கப்பட்டவர்களில் பதின்மூன்று தமிழர்கள் அக்டோபரில் சென்னை வந்து இறங்கியது, வீட்டார் வாய் திறந்து சொன்னதால்தான் நடந்தது. கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பதில் சொல்ல முடியாத கேள்வி

போன ஆடி மாதம் ஒரு பெண் இடுப்பில் பத்து மாதக் குழந்தையோடு வந்தாள். மூத்தது பாலர் வகுப்பு. புருஷன் குடித்துவிட்டு எங்கோ போய்விட்டான். எட்டாவது வரை படிப்பு. வயசு இருபத்தேழு. “துபாய்க்கு விசிட்ல போயி, அங்கேர்ந்து மஸ்கட்ல வீட்டு வேலைக்கு மாத்திக்கலாமாங்கா. எனக்கு ஒரு காசு செலவு இல்லயாம்” என்றாள்.

இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கிற பெண், முப்பது வயசுக்கு முன் அந்தப் பதினெட்டு நாடுகளில் வீட்டு வேலைக்குப் போக நம் அரசு அனுமதிப்பதில்லை. முப்பது ஆன பிறகும் 2016 முதல் தனியார் ஏஜெண்ட் மூலம் போக முடியாது. அரசு நிறுவனம் வழியாகத்தான். தமிழ்நாட்டில் அது 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கிண்டியில் இருக்கிறது. காசு வாங்காமல் அனுப்புகிற ஏஜெண்ட், அந்த ஊர் வீட்டுக்காரரிடம் இவளுக்காகக் காசு வாங்கியிருப்பார். பிடிக்கவில்லை, திரும்பிப் போகிறேன் என்று இவள் சொன்னால், அந்தக் காசைத் திருப்பித் தா என்பார்கள். எல்லாம் சொன்னேன்.

கேட்டுவிட்டுச் சொன்னாள்: “முப்பது ஆவுற வரைக்கும் எம்புள்ளைங்களுக்கு இந்தச் சட்டம் வந்து சோறு போடுமாக்கா?”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. இளம் பெண்களைக் காப்பாற்றத்தான் அந்த விதி. ஆனால் நேர் வழியை மூடினால், இவளைப் போன்றவள் சந்து வழியாகத்தான் போவாள் என்றும் தோன்றுகிறது. விதி தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரி என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியவில்லை.

பிறகு நோட்டைப் புரட்டியபோது ஒன்று பட்டது. பத்தாவது தேறிவிட்டால் பாஸ்போர்ட்டில் அந்த இ.சி.ஆர். அச்சு இருக்காது, வீட்டு வேலையைத் தவிர வேறு வேலைக்கும் மனுப் போடலாம். எட்டாவது தேறியவள் தனித் தேர்வராகப் பரீட்சை எழுதலாம். நான் சொன்னதும் அவள் சிரித்தாள். “இந்த வயசுலயாக்கா?” என்றாள். ஒரு வாரம் கழித்து மாற்றுச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது எங்கள் தெரு தையல் கடையில் வேலை பார்க்கிறாள். புதனும் சனியும் சாயங்காலம் என் மகன் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அதுவரை சின்னது என் மடியில். தமிழ் பரவாயில்லை, இயற்கணிதம்தான் தகராறு செய்கிறது. போன வாரம் அந்த ஏஜெண்ட் மறுபடியும் போன் செய்தாராம். எடுக்கவே இல்லை என்கிறாள்.

எடுத்தாளோ என்னவோ. நான் துருவிக் கேட்கவில்லை. அடுத்த புதன் வந்தாள், நோட்டோடு.